கையில் ஒரு லட்சம், கண்ணில் 40 லட்சம் வீடு! அக்ரிமெண்ட் போட்டு கைமாற்றும் தொழில்... புரோக்கரிடம் உஷாராக நடப்பது எப்படி?

அழகர்கோவில்:

மதுரை தல்லாகுளத்தில் இருந்து அழகர்கோவில் போகும் ரோட்டில் புதூர், சர்வேயர் காலனி, மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி என்று எந்த ஸ்டாப்பில் இறங்கினாலும் டீக்கடை பெஞ்சில் ஒரே பேச்சுதான். "வீடு ஏதாச்சும் வருதா?", "பார்ட்டி ரெடியா இருக்கு", "ஓனர் கைக்கு எவ்வளவு கேக்குறாரு?"

கள்ளழகர் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்கு வந்து போகும் இந்த ரோட்டில் ஒரு காலத்தில் வயலும் கண்மாயும்தான் அதிகம். 2004 ஜூலையில் ஒத்தக்கடை பக்கம் ஐகோர்ட்டு மதுரை கிளை வந்தது. 2011-ல் மாநகராட்சி 72 வார்டில் இருந்து 100 வார்டாக விரிந்தது. மதுரையின் வடக்கு பக்கம் சென்ட் கணக்கில் பேச ஆரம்பித்து விட்டது.

இதில் பெரிய முதலாளிகள் மட்டும் இல்லை. கையில் ஒரு லட்சம், இரண்டு லட்சம் வைத்துக்கொண்டு வீட்டு வியாபாரத்தில் இறங்கும் ஆட்களும் இருக்கிறார்கள். லோடு ஆட்டோ ஓட்டுபவர், மேஸ்திரி, மளிகைக்கடைக்காரர் என்று பலரும் "நாமளும் ஒரு அக்ரிமெண்ட் போட்டு பார்ப்போமே" என்று கிளம்புகிறார்கள். சிலருக்கு லாபம். பலருக்கு அட்வான்ஸ் கோவிந்தா!

இது என்ன தொழில்? சட்டம் என்ன சொல்கிறது? புரோக்கரிடம் எப்படி நடக்க வேண்டும்? வீட்டை விற்பவர் எதில் ஏமாறுகிறார்? விவரம் வருமாறு:-

வாங்காமலே விற்பது எப்படி?

ஒரு வீட்டு உரிமையாளர் 40 லட்சம் ரூபாய்க்கு வீட்டை விற்க தயார் என்று வைத்துக்கொள்வோம். நம்ம ஆள் ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட், அதாவது கிரய ஒப்பந்தம் போடுகிறார். 3 மாதம் கெடு. அந்த 3 மாதத்துக்குள் 43 லட்சத்துக்கு வேறு ஆளை கூட்டி வருகிறார். உரிமையாளர் நேராக அந்த மூன்றாவது ஆள் பெயருக்கு கிரயம் செய்து கொடுக்கிறார். நடுவில் உள்ள 3 லட்சம் நம்ம ஆளுக்கு.

இதற்காகத்தான் அக்ரிமெண்டில் "தங்கள் பெயருக்கோ அல்லது தாங்கள் காட்டும் நபர் பெயருக்கோ" என்று ஒரு வரி எழுதுகிறார்கள். இந்த ஒரு வரி இல்லை என்றால் மொத்த வியாபாரமும் ஆட்டம் கண்டுவிடும்.

ஏன் முதலில் தன் பெயருக்கு வாங்கி, பிறகு விற்பது இல்லை? தமிழ்நாட்டில் 2023-ம் ஆண்டு மார்ச் கடைசியில் இருந்து கிரய பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவு கட்டணம் 2 சதவீதம். ஆக மொத்தம் 9 சதவீதம். 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். லாபமே 3 லட்சம்தான். வாங்கி விற்றால் 60 ஆயிரம் கையை விட்டுப் போகும்! அதனால்தான் "வாங்காமலே கைமாத்துறது".

அமெரிக்காவிலும் இதே தொழில் நடக்கிறது. அங்கே இதற்கு 'ஹோல்சேலிங்' என்று பெயர். வீட்டை இழக்கும் நிலையில் உள்ளவர்களை மடக்கி அடிமாட்டு விலைக்கு அக்ரிமெண்ட் போடுகிறார்கள் என்று புகார் கிளம்பியதால் இல்லினாய்ஸ் மாநிலம் 2019-லும், ஒக்லஹோமா மாநிலம் 2021-லும் இதற்கு லைசென்ஸ் கட்டுப்பாடு கொண்டு வந்தன.

லாபம் எவ்வளவு நிற்கும்?

டீக்கடையில் 3 லட்சம் என்று சொல்வார்கள். கணக்கு போட்டு பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒரு உதாரணம்.

அட்வான்ஸ் கொடுத்த ஒரு லட்சம் கடன் வாங்கிய பணம். மூணு வட்டி என்றால் 3 மாதத்துக்கு 9 ஆயிரம். புரோக்கருக்கு 40 லட்சத்தில் 1 சதவீதம் 40 ஆயிரம். வக்கீல், பத்திர எழுத்தர், நகல், பெட்ரோல், அலைச்சல் எல்லாம் சேர்த்து 20 ஆயிரம். 3 லட்சத்தில் 69 ஆயிரம் போனால் நிற்பது 2 லட்சத்து 31 ஆயிரம்.

ஆள் கிடைக்கவில்லை என்றால்? அட்வான்ஸ் 1 லட்சம், வட்டி 9 ஆயிரம், செலவு 20 ஆயிரம். மொத்தம் 1 லட்சத்து 29 ஆயிரம் அம்போ.

இரண்டு அக்ரிமெண்டில் ஒன்று முடிந்தால் கையில் 1 லட்சத்து 2 ஆயிரம் நிற்கும். மூன்றில் ஒன்றுதான் முடிந்தது என்றால் 27 ஆயிரம் நஷ்டம். தொழிலில் புதுசாக இறங்குபவர் இந்த கணக்கை முதலில் பேப்பரில் எழுதி பார்க்க வேண்டும்.

புரோக்கரா? பார்ட்டியா?

இந்த தொழிலில் சண்டை வருவதே ஒரு குழப்பத்தால்தான். நான் புரோக்கரா, இல்லை வாங்குகிற பார்ட்டியா என்பதை பலர் உரிமையாளரிடம் சொல்வதே இல்லை.

புரோக்கர் என்றால் கமிஷன் மட்டும்தான். உரிமையாளருக்காக வேலை பார்க்கிறவர் அவர். உண்மையான விலையை மறைக்கக் கூடாது. 1872-ம் வருட இந்திய ஒப்பந்த சட்டத்தின் 216-வது பிரிவு இதில் கறாராக இருக்கிறது. ஒருவருக்கு ஏஜெண்டாக இருந்துகொண்டு, அவருக்கு தெரியாமல் அதே வியாபாரத்தை தன் கணக்கில் செய்தால், கிடைத்த லாபத்தை அந்த உரிமையாளர் கேட்டு வாங்கலாம். அதாவது "கமிஷனுக்கு வித்து தர்றேன்" என்று சொல்லிவிட்டு மேலே 3 லட்சம் வைத்தால், அந்த 3 லட்சத்துக்கும் உரிமையாளர் கேஸ் போடலாம்.

பார்ட்டி என்றால் அக்ரிமெண்டில் பெயர் இருக்க வேண்டும். சொந்த பணம் அட்வான்ஸ் போயிருக்க வேண்டும். "நான் வாங்குறேன், இல்லேன்னா வேற ஆளுக்கு மாத்தி விடுவேன், எனக்கு லாபம் இருக்கும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். சொல்லி செய்தால் தொழில். சொல்லாமல் செய்தால் வம்பு.

ஒரே ஆள் உரிமையாளரிடம் கமிஷனும் வாங்கி, மேலே லாபமும் வைத்து, வாங்குகிறவரிடமும் கமிஷன் வாங்கினால் என்றைக்காவது ஒரு நாள் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்காருவார்கள். அது பெரும்பாலும் பதிவு நடக்கும் அன்றைக்குத்தான் நடக்கும்.

புரோக்கரிடம் நடக்கும் முறை

கையில் பணம் கம்மியாக உள்ளவருக்கு புரோக்கர்தான் கண்ணும் காதும். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு கடன் நெருக்கடி, எந்த வீடு பாகப்பிரிவினைக்கு வருகிறது என்பது அந்தந்த ஏரியா புரோக்கருக்குத்தான் முதலில் தெரியும். அவரை பகைத்துக்கொண்டு இந்த தொழில் ஒரு நாள் கூட ஓடாது. அதே நேரம் அவர் சொல்வதை அப்படியே நம்பியும் இறங்கக் கூடாது.

கமிஷனை முதல் நாளே பேசிவிட வேண்டும். நம்ம பக்கம் 1 சதவீதம், 2 சதவீதம் என்பது பழக்கம்தானே தவிர, சட்டத்தில் அப்படி ஒரு விகிதம் கிடையாது. யார் எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து போட்டால் போதும். அட்வான்ஸ் அன்றைக்கே முழு கமிஷன் கொடுப்பது தப்பு. பதிவு முடிந்த அன்று கொடுப்பதே நல்லது.

ஒரு வீட்டுக்கு ஒரு புரோக்கர் வருவது அபூர்வம். புரோக்கருக்கு புரோக்கர், அவருக்கு தெரிந்த இன்னொருவர் என்று 4, 5 பேர் சங்கிலி போல நிற்பார்கள். பதிவு அன்று அத்தனை பேரும் வந்து நின்று "எனக்கு எங்க?" என்று கேட்டால் விடிந்தது போ! யாரிடம் பேசினோமோ அவரிடம் மட்டும்தான் பணம், மற்றவர்களுக்கு அவரே பிரித்து கொடுக்க வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

புரோக்கரை தாண்டி உரிமையாளரிடம் தனியாக போய் பேசி முடிப்பவர்களும் உண்டு. 40 ஆயிரம் மிச்சம் என்று நினைப்பார்கள். அதோடு அந்த ஏரியாவில் அடுத்த வீட்டு தகவல் வராது.

புரோக்கரும் ஒன்றை எதிர்பார்க்கிறார். பேசிய தேதியில் அட்வான்ஸ் வர வேண்டும். விலையை மாற்றி மாற்றி பேசக் கூடாது. முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிட வேண்டும். பணம் கம்மியாக இருப்பதை அவரிடம் மறைக்க தேவை இல்லை. "என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு, இந்த அளவுக்கு ஏத்த வீடு சொல்லுங்கண்ணே" என்றால் அதற்கு தகுந்த பார்ட்டியை காட்டுவார்.

புது லே-அவுட், அபார்ட்மெண்ட் விற்கும் புரோக்கர் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டப்படி, 'ரெரா'வில் பதிவு பெற வேண்டிய திட்டங்களில் மனை, வீடு விற்றுத் தரும் ஏஜெண்டும் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் விற்றால் நாள் ஒன்றுக்கு ரூ.10 ஆயிரம் வீதம், சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் உண்டு. பதிவு நம்பர் கேட்டால் நல்ல ஏஜெண்ட் கோபப்பட மாட்டார்.

தங்கச்சி கையெழுத்து இருக்கா?

அக்ரிமெண்ட் உடைவதற்கு விலையை விட பேப்பர்தான் பெரிய காரணம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டியவை இவை.

வில்லங்க சான்று, பட்டா, மூலப் பத்திரம் மூன்றும் ஒரே ஆள் பெயரை காட்ட வேண்டும். வில்லங்கத்தை பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பட்டாவையும் வருவாய்த்துறை இணையதளத்தில் சரிபார்க்கலாம். புரோக்கர் காட்டும் ஜெராக்சை மட்டும் நம்பக் கூடாது.

அப்பா பெயரில் வீடு, அப்பா இறந்து விட்டார் என்றால் எல்லா வாரிசும் கையெழுத்து போட வேண்டும். கல்யாணமாகி வெளியூர் போன மகளுக்கும் பங்கு உண்டு. பூர்வீக சொத்திலும் தமிழ்நாடு 1989-லேயே மகளுக்கு பங்கு கொடுத்து சட்டம் போட்டது. 2005-ல் மத்திய அரசும் கொடுத்தது. 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. "தங்கச்சி ஒண்ணும் சொல்லாது" என்று அண்ணன் சொல்வதை நம்பி அட்வான்ஸ் கொடுத்தால், தங்கச்சி கையெழுத்து போட மறுக்கும் அன்றைக்கு லாபமும் போச்சு, அட்வான்சும் இழுபறி.

மனை அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்க வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு அங்கீகாரம் இல்லாத மனைகளை பதிவு செய்ய தடை விதித்தது. 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-ந்தேதிக்கு முன்பு உருவான மனைப்பிரிவுகளுக்கு அதில் வழி கிடைத்தது. இன்றும் வரன்முறை செய்யாத மனை என்றால் வாங்குகிறவருக்கு பேங்க் லோன் கிடைப்பது கஷ்டம். லோன் இல்லை என்றால் 43 லட்சம் கொடுக்க ஆள் எங்கே?

அழகர்கோவில் சுற்று வட்டாரத்தில் கோவில் நிலம், கண்மாய் புறம்போக்கு, பஞ்சமி நிலம் ஆகிய மூன்றிலும் கூடுதல் கவனம் வேண்டும். கோவில் நிலத்தை தனி ஆள் விற்க பதிவு கிடையாது. பஞ்சமி நிலம் வெள்ளைக்காரன் காலத்தில் 1892 முதல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு என்று ஒதுக்கியது. மற்றவர்கள் வாங்கினால் செல்லாது. விலை ரொம்ப சல்லிசாக வருகிறது என்றாலே இந்த மூன்றையும் விசாரிக்க வேண்டும்.

கோர்ட்டுக்கு போனால் ஜெயிக்குமா?

"அக்ரிமெண்ட் கையில இருக்கு, ஓனர் மாட்டேன்னா கேஸ் போடுவேன்" என்று சிலர் தைரியமாக சொல்வார்கள். இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு.

சொத்து மாற்றுச் சட்டப்படி வெறும் அக்ரிமெண்ட் வீட்டில் எந்த உரிமையும் தராது. கிரயம் செய்து கொடு என்று கேட்கும் உரிமை மட்டும்தான். அதற்கு 3 வருடத்துக்குள் கோர்ட்டுக்கு போக வேண்டும். போனாலும் "மீதி பணத்துடன் நான் தயாராக இருந்தேன்" என்று நிரூபிக்க வேண்டும். கையில் ஒரு லட்சத்தோடு 40 லட்சம் வீட்டுக்கு அக்ரிமெண்ட் போட்டவர், மீதி 39 லட்சத்துக்கு தயாராக இருந்தேன் என்று எப்படி காட்டுவார்? பணம் கம்மியாக உள்ளவருக்கு கோர்ட்டு கைகொடுப்பது ரொம்ப கஷ்டம் என்பதை மனதில் வைத்துத்தான் இதில் இறங்க வேண்டும்.

கிரய அக்ரிமெண்டை பதிவு செய்ய வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1-ந்தேதி முதல் கட்டாயம். பதிவு செய்யாத அக்ரிமெண்டையும் கிரயம் கேட்டு தொடரும் வழக்கில் சாட்சியமாக காட்டலாம் என்று 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஆனால் பதிவு செய்தால்தான் வில்லங்கத்தில் ஏறும். அதே வீட்டுக்கு உரிமையாளர் இன்னொருவரிடமும் அட்வான்ஸ் வாங்குவதை தடுக்க அதுதான் வழி.

ரொக்கமாக அட்வான்ஸ் கொடுப்பதும் ஆபத்து. 2015 ஜூன் 1 முதல் சொத்து விற்பனையில் ரூ.20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய அதே தொகையை அபராதமாக போட வருமானவரி சட்டத்தில் இடம் இருக்கிறது. இந்த அபராதம் பணம் வாங்கியவர் தலையில்தான் விழும். செக், பேங்க் டிரான்ஸ்பர் என்றால் இரண்டு பேருக்கும் சாட்சி.

பதிவு அன்று 3 லட்சம் யார் கணக்கில்?

இது பலருக்கும் தெரியாத இடம். மூன்றாவது ஆள் கொடுப்பது 43 லட்சம். உரிமையாளருக்கு கிடைப்பது 40 லட்சம். பத்திரத்தில் 43 லட்சமும் உரிமையாளர் பெற்றுக்கொண்டதாக எழுதினால், வாங்காத 3 லட்சத்துக்கும் அவர் வரிக்கணக்கு சொல்ல வேண்டி வரும்.

சரியான வழி, அக்ரிமெண்ட் போட்டவரும் பத்திரத்தில் ஒரு தரப்பாக சேர்ந்து, "எனது அக்ரிமெண்ட் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன், அதற்கு இவ்வளவு பெற்றேன்" என்று கையெழுத்து போடுவதுதான். அவருக்கு வரும் 3 லட்சம் தனி செக்காக வர வேண்டும். அதை தன் வருமானத்தில் அவர் காட்ட வேண்டும். வாங்குகிறவருக்கும் நாளைக்கு பழைய அக்ரிமெண்டால் வம்பு வராது.

எல்லாமே வெளிச்சத்தில் நடந்தால் விலை வித்தியாசம் உரிமையாளருக்கு தெரிந்து விடுமே என்று பயப்படுவார்கள். தெரிந்தால் சண்டை வரும் என்கிற அளவுக்கு வித்தியாசம் வைத்திருந்தால், தப்பு வேறு எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டை விற்பவர் கவனிக்க!

மகள் கல்யாணம், ஆஸ்பத்திரி செலவு, கடன் என்று அவசரத்தில் வீட்டை விற்பவர்தான் இதில் அதிகம் அடிபடுகிறார். ஒரு லட்சம் அட்வான்ஸ் வாங்கிவிட்டு 40 லட்சம் வீட்டை மாதக்கணக்கில் முடக்கிப் போட்டவர்கள் உண்டு.

அட்வான்ஸ் வாங்கும் முன் அக்கம்பக்கத்தில் 3 இடத்திலாவது விலை விசாரிக்க வேண்டும். அரசு வழிகாட்டி மதிப்பும் பார்க்க வேண்டும். ஆனால் அதையே சந்தை விலை என்று நினைக்கக் கூடாது.

கெடு தேதியை தெளிவாக எழுத வேண்டும். கெடுவுக்குள் முடிக்கவில்லை என்றால் அட்வான்ஸ் திரும்ப கிடையாது, அக்ரிமெண்ட் ரத்து என்பதையும் எழுத வேண்டும். கெடு முடிந்துவிட்டது, வீடு நம்மிடமே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. பதிவு செய்த அக்ரிமெண்ட் என்றால் ரத்து பத்திரமும் பதிவாகும் வரை வில்லங்கத்தில் அது நிற்கும். அடுத்து வருகிற பார்ட்டி அதை பார்த்தாலே ஓடி விடுவார். கெடு முடிந்த உடனே வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்புவது நல்லது.

ஒரிஜினல் பத்திரத்தை அக்ரிமெண்ட் போட்டவரிடமோ புரோக்கரிடமோ கொடுக்கக் கூடாது. நகல் போதும். வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து கூடவே கூடாது. "அலைய வேணாம்மா, எனக்கு பவர் எழுதி கொடுத்துருங்க, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்தி யோசிக்க வேண்டும். பவர் மட்டும் வைத்து சொத்து கைமாறியதாக ஆகாது என்று 2011 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஆனால் விற்கும் அதிகாரம் கொடுத்த பவரை வைத்து உங்கள் சார்பில் அவர் கிரய பத்திரம் எழுதி கொடுக்க முடியும். பணம் அவர் கைக்கு போன பிறகு அலைய வேண்டியது நீங்கள்தான்.

கருப்பு முன் சத்தியம்

கொடுக்கல் வாங்கல் தகராறு என்றால் அழகர்கோவில் பதினெட்டாம்படி கருப்பசாமி சன்னதியில் சத்தியம் செய்வது இந்த பக்கத்தில் காலம் காலமாக உள்ள வழக்கம். கருப்பு முன்னால் பொய் சத்தியம் செய்ய இன்றும் பயப்படுகிறார்கள். அந்த பயம் நல்லதுதான். ஆனால் சார்பதிவாளரும் கோர்ட்டும் கேட்பது பேப்பர். வாய்வார்த்தையில் போன அட்வான்சுக்கு சத்தியம் மட்டுமே மிச்சமாக நின்றால் பணம் திரும்புவது சந்தேகம்.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்று அக்ரிமெண்டை படிக்காமல் கையெழுத்து போட தேவை இல்லை. மதுரை மாவட்ட கோர்ட்டு வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற நம்பரிலும் கேட்கலாம். அட்வான்ஸ் கைமாறும் முன்பு அக்ரிமெண்ட் நகலோடு ஒரு தடவை அங்கே போய் வந்தால், பிறகு பல வருடம் கோர்ட்டுக்கு நடப்பது மிச்சம்.